மேற்குச் சன்னலின் சிவப்பு

என் ஆராய்ச்சியில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். லேசரின் அலைநீளம், காந்தத்தின் வலு, குளிர்கலனின் வெப்பநிலை, எதையும் விடவில்லை. அப்பாவின் வார்த்தையை மட்டும் சரிபார்க்கவில்லை. அவர் உபதேசியார். ஞாயிறு தவறாமல் எஸ்டேட் முழுவதற்கும் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அப்பா பெயர் அருள்சாமி. ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட்டுக்குள் முப்பதுகளில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிவிட்டுப் போன சின்னக் கோயில் உண்டு, சகாய மாதா கோயில். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஜீப்பில் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பைபிள் வாசகம் வாசிப்பார், ஜெபமாலை சொல்வார். கூட்டித் துடைப்பது என் அம்மா மரியபுஷ்பத்தின் வேலை. மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று கோயிலுக்கு இரண்டு வளைவுச் சன்னல்கள். இரண்டிலும் நிறக்கண்ணாடி. நீலமும் பச்சையும் சுமார்தான். மாதாவின் இருதயத்துக்கு என்று நடுவில் பதித்திருந்த சிவப்புதான் சிவப்பு. துரை கப்பலில் ஒரே பெட்டியில் வரவழைத்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே போய் இறக்கிக்கொண்டு வந்தது போல.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்தாள். அன்று சாயங்காலம் அடித்த காற்றில், காபிப் பழம் உரிக்கும் கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று பறந்து வந்து மேற்குச் சன்னலை உடைத்தது. வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்க, அப்பா கோயிலுக்குள் மண்டியிட்டுச் சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாமியார் மந்திரித்து ஆசீர்வதித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உடைந்த மாதா சுரூபம், அறுந்த ஜெபமாலை எல்லாவற்றையும் மண்ணில்தான் புதைக்க வேண்டும். அடுத்த நாள் அம்மாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது, துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து அவள் கால்மாட்டில் வைத்தார். அவள் தினம் துடைத்த கண்ணாடி அவளோடு போகட்டும் என்றார். பறந்து வந்த தகரத்தையே சன்னல் ஓட்டைக்கு வைத்து ஆணி அடித்தார்கள்.

ஒரு துண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ஞாபகத்துக்கு என்றுதான் எடுத்தேன், வேறெந்த நினைப்பும் இல்லை.

அப்போது நான் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் விஷயம் குவாண்டம் புள்ளிகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சில வகைச் சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பைத் தருவதே அவைதான். காட்மியமும் செலினியமும் சேர்ந்து, கண்ணாடிக்குள் ஒவ்வொன்றும் சில ஆயிரம் அணுக்களே கொண்ட குருணைகளாக உறைந்திருக்கும். ஒரு எலெக்ட்ரானை அதற்குள் அடைத்தால் அசையக்கூட இடம் பற்றாது.

ஒளித்துகள் ஒவ்வொன்றும் ஒரு சுழற்சியோடு வரும், வலம் அல்லது இடம். எலெக்ட்ரானுக்கும் தற்சுழற்சி உண்டு. வலம் சுழலும் ஒளியைப் புள்ளிக்குள் அனுப்பினால் எலெக்ட்ரான் அந்தச் சுழற்சியை வாங்கிக்கொள்ளும். சற்றுப் பொறுத்துப் புள்ளி தன் ஒளியைத் திருப்பி உமிழும். அதுவும் வலமாகவே வந்தால், எலெக்ட்ரான் வாங்கியதை மறக்கவில்லை என்று பொருள். வலமும் இடமும் சரிபாதியாக வந்தால் மறந்துபோயிற்று என்று பொருள். எவ்வளவு நேரம் மறக்காமல் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கடையில் விற்கும் வடிகட்டிக் கண்ணாடிகளை வைத்து இரண்டு வருடம் பார்த்தேன். எல்லாம் உடனே மறந்தன.

ஒரு நாள் சலிப்பில் அம்மாவின் கண்ணாடித் துண்டை லேசருக்கு முன் வைத்தேன். நூற்றுக்கு இருபது பங்கு வலமாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோனேன். நினைவு கலைந்தது. காந்தத்தை எடுத்தேன், திரும்பி வந்தது. அவ்வளவு பலவீனமான காந்தத்துக்கே கலைகிறது என்றால், அந்த எலெக்ட்ரான் அதுவரை நெடுநேரம் நினைவு வைத்திருந்தது என்று கணக்கு. பதினேழு தடவை அளந்தேன். பதினேழு தடவையும் இருபதுதான்.

ஆசை யாரை விட்டது? இன்னும் குளிர்வித்தால் இன்னும் கூடுமா என்று பார்க்க, திரவ நைட்ரஜனை அவசரப்பட்டு ஊற்றினேன். துண்டு பொடிப்பொடியாக நொறுங்கியது. பொடியில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறியதில் எதையும் அளக்க முடியவில்லை.

கட்டுரையை ஏற்கெனவே ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: வேறொரு துண்டிலும் இதே அளவு வருகிறதா? என் வழிகாட்டி அதை என் முன்னால் வைத்துவிட்டு, "ஒரு துண்டை நம்பி உன் பெயரையும் என் பெயரையும் போட முடியாது, லூர்துசெல்வி. இன்னொரு துண்டில் காட்டு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

தொண்ணூற்று மூன்று அக்டோபரில் மலையேறினேன். இருபது கொண்டையூசி வளைவும் பஸ்சுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். அப்பா பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் கற்றுக்கொண்டது ரசம் ஒன்றுதான்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப, வாங்குனதெ ஞாபகம் வெச்சுக்குதுங்கிறியா கண்ணு?"

"ஆமாங்கப்பா. நொம்ப நேரம் இல்லீங்க. கண்ணு மூடித் தொறக்கறதுல கோடியில ஒரு பங்கு."

"அத்தனூண்டு நேரத்துக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தார். பிறகு, "உங்கம்மா கண்ணாடியிலயா வந்துச்சு?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஆமாங்க. மத்த எதுலயும் வல்லீங்க. மீதித் துண்டெல்லாம் வேணுங்கப்பா."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அது அவகூட இருக்குது, கண்ணு."

"தெரியுங்க. அதான் கேக்கறன்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் குழியைத் தோண்டித் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். சுற்றிவளைக்காமல், ரசம் சாதத்துக்கு நடுவில் கேட்டேன். இன்னொன்றும் செய்தேன், அதைத்தான் மன்னிக்கவே முடியவில்லை. மீதித் துண்டெல்லாம் வேண்டும் என்றேன். நகக்கண் அளவு ஒரு சில்லு போதும் என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்ததுதான். ஆனால் கேட்பது என்று வந்துவிட்டால் மொத்தமாகக் கேட்பதுதானே பிள்ளைகளுக்குப் பழக்கம்.

ரசச் சட்டியை மூடி வைத்துவிட்டு, "நீ போ கண்ணு. நான் அனுப்பறன்" என்றார்.

"சாமியாரு..."

"அவருகிட்ட நான் பேசிக்கறன்."

இரண்டு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. காபிக்கொட்டை சாம்பிள் அனுப்புகிற தகர டப்பா. உள்ளே காபித் தோல் அடைத்து, நடுவில் ஒன்பது சிவப்புத் துண்டுகள் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. கூட ஒரு சீட்டு: "கேட்டது அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்காக ஜெபம் செய்." துண்டுகளைத் தொடவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நிறத்தை அளந்தேன். நொறுங்கிய துண்டின் நிறமேதான், இழைகூட மாறவில்லை. அதே பெட்டிக் கண்ணாடி, சந்தேகமில்லை. லேசர் முன் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. வலமும் இடமும் சரிபாதி. காந்தம் வைத்தாலும் எடுத்தாலும் அதேதான். ஒன்பது துண்டையும் மூன்று மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்பதும் கடைக் கண்ணாடி போலவே உடனே மறந்தன.

அப்படியானால் முதலில் பார்த்தது என் தவறு. எங்கேயோ ஒளி கசிந்திருக்க வேண்டும், அல்லது துண்டின் விரிசல் ஒளியைத் திருப்பியிருக்க வேண்டும். பதினேழு தடவையும் நான் பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்திருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நானே கடிதம் எழுதினேன். வழிகாட்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன்பிறகு லேசர் முறைப்பட்டியலில் என் பெயர் வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை. பட்டம் வாங்காமலே மூட்டை கட்டினேன். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்தப் போனேன்.

தொண்ணூற்று நான்கு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கோயிலின் வடக்குச் சன்னலிலும் தகரம் அடித்திருந்தது.

"இதென்னங்கப்பா?"

"கொரங்கு," என்றார் அப்பா. "கல்ல உருட்டிருச்சு."

எஸ்டேட்டில் குரங்குக்குப் பஞ்சமில்லை. நான் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் வேறொன்று இருந்தது. அப்பா உபதேசியார் வேலையை விட்டிருந்தார். கண் மங்குகிறது, எழுத்து தெரியவில்லை என்றார். ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசையில் சாமியார் நன்மை அப்பம் கொடுக்கும்போது, வாங்க எழுந்து போகவும் இல்லை. கண் மங்கினால் நன்மை வாங்க என்ன தடை? அம்மாவின் குழியைத் தோண்டவைத்ததால்தான் மனிதர் உடைந்துபோனார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆராய்ச்சிக்காக, அதுவும் தவறான ஒரு ஆராய்ச்சிக்காக.

"கெடச்சுதா கண்ணு? ஞாபகம் வெச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. என்னுது தப்பாப் போச்சுங்க."

அப்பா என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டார். நான்கு வருடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் மலையேறுவதும் குறைந்தது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் குற்றம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் நெஞ்சுச்சளி கட்டி அப்பா போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டி குழியிலேயே புருஷனையும் வைப்பது எங்களிடம் வழக்கம். குழி தோண்டியது சித்தன். பக்கத்துச் செம்மநத்தத்துக்காரர், எஸ்டேட்டில் எல்லாக் குழியும் அவர்தான் தோண்டுவார். தூறலில் நான் குடை பிடித்து மேலே நின்றேன். அம்மாவின் எலும்புகளை ஒரு புதுத்துணியில் பதமாக எடுத்து ஒதுக்கி வைத்தார். பிறகு கால்மாட்டுப் பக்கம் குனிந்து எதையோ பிடித்து உதறினார். மண்ணோடு மண்ணாக மக்கிய துணி விழுந்தது. உள்ளே இருந்ததை மேலே நீட்டினார்.

சிவப்புக் கண்ணாடி. கைநிறைய.

"ஏனுங்க அம்மிணி, இதையும் மறுக்கா உள்ளயே வெச்சரலாமுங்களா?"

குடையை மடக்கிவிட்டுக் குழி விளிம்பில் குனிந்தேன். "இதை... அப்பா எடுக்கலீங்களா? அஞ்சு வருசம் முந்தி?"

"எடுக்கோணும்னுதானுங்க வந்தாரு." சித்தன் குழிக்குள் நின்றபடியே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டதான் மம்பட்டி வாங்கினாரு. நான் தோண்டறனுங்கன்னேன். வேண்டாம், எம்பட பொண்டாட்டி, நாந்தான் தோண்டோணும்ன்னுட்டாரு. அந்தச் சிலுவையத் தொட்டுட்டு உக்காந்தவருதானுங்க. வெயில் தாழ எந்திரிச்சுப் போனாரு. மூணு நாள் அப்படியே வந்தாரு, உக்காந்தாரு, போனாரு. ஒரு பிடி மண்ணு எடுக்கலீங்க. நாலாம் நாள் மம்பட்டியக் குடுத்துப்போட்டு, முடியல சித்தான்னாரு."

அப்புறம் என்ன செய்தார் என்று சித்தனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. வடக்குச் சன்னலை எந்தக் குரங்கும் உடைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஜெபம் சொன்ன கோயிலின் சன்னலை என் அப்பா தன் கையால் உடைத்திருக்கிறார். ஒரே பெட்டியில் வந்த கண்ணாடிதானே, சிவப்புக்குச் சிவப்பு சரியாய்ப் போகும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பாவத்தோடு வாசகம் வாசிக்க அவருக்கு வாய் வரவில்லை, நன்மை வாங்கவும் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் "தப்பாப் போச்சு" என்றபோது அவர் வாயெடுத்து விழுங்கியதும் இதுதான்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பெட்டிக்குள் கிடக்கிற மனிதரை எழுப்பிச் சண்டை போட வேண்டும் போல அப்படி ஒரு கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? முடியவில்லை கண்ணு என்று ஒரு கார்டு எழுதியிருந்தால் என்ன? ஐந்து வருடம் நான் என் கண்ணையே நம்பாமல் இருந்தேனே.

ஒரு துண்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். மீதியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். இந்தத் தடவை இருவருக்கும் நடுவில்.

பெங்களூரில் எனக்குப் பின்னால் சேர்ந்த ராஜேஸ்வரி இன்னும் அந்தக் கூடத்தில் இருந்தாள். அவளுக்குத் துண்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வகுப்பு இடைவேளையில், நாற்பது பிள்ளைகளின் திருத்தாத நோட்டுகளுக்கு நடுவில் பிரித்தேன். "அக்கா, இருபது. நீங்கள் எழுதி வைத்திருந்த அதே இருபது. காந்தத்துக்கும் அப்படியே கலைகிறது. நீங்கள் விட்டுப்போன ஒன்பது துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவற்றில் ஒன்றுமே இல்லை. புள்ளிக்குள் ஏற்கெனவே ஒரு தனி எலெக்ட்ரான் தங்கியிருந்தால் நினைவு இப்படி நிற்கும் என்று இரண்டு வருடமாக வெளிநாட்டில் பலர் எழுதிவிட்டார்கள். அதனால் இப்போது இதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒரே பெட்டிக் கண்ணாடியில் ஒன்றுக்குள் மட்டும் அந்தத் தனி எலெக்ட்ரான் எப்படி வந்தது?"

அந்த ஞாயிறே மலையேறினேன். கோயில் வாசலில் நின்று பார்த்ததுமே புரிந்தது. வடக்குச் சன்னலை ஒட்டிச் சில்வர் ஓக் மரங்கள். சுவரெல்லாம் பாசி, வருடத்தில் ஒரு நாளும் அங்கே வெயில் விழாது. மேற்கே மறைப்பு கிடையாது, சரிவும் வானமும்தான். அறுபது வருடம், பனி இல்லாத ஒவ்வொரு பிற்பகலும், வெயில் அந்தச் சிவப்பில் நேராக அடித்திருக்கிறது. அடித்து அடித்து ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு எலெக்ட்ரானை நிரந்தரமாகக் குடிவைத்திருக்கிறது. அப்பா வெயில் படாத கண்ணாடியை அனுப்பிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று பார்க்க ஆசைப்பட்டு, மேற்குச் சன்னலின் தகரத்தைக் கொஞ்சம் பிரிக்க முடியுமா என்று சித்தனைக் கேட்டேன். அவர் கடப்பாரை நுனியால் நாலு ஆணியை நெம்பினார். துருப்பிடித்த தகரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து வெளிச்சம் கோயிலுக்குள் வந்தது.

நடுச்சட்டத்தின் விளிம்பைச் சுற்றி, கண்ணாடி நழுவாமல் இருக்கப் பூசியிருந்த பட்டிச் சாந்தில், சிவப்புப் பற்கள் நின்றன. உடைந்தபோது கழன்று விழாமல் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டவை. நகக்கண் அளவு சில, கட்டைவிரல் அளவு சில. பதினொன்று எண்ணினேன். தகரத்துக்குப் பின்னால் இத்தனை வருடமும் அங்கேயே இருந்திருக்கின்றன. யாரும் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை. யாரும் சன்னல் உடைக்க வேண்டியிருக்கவில்லை. சின்னச் சில்லு போதுங்கப்பா என்று அன்றைக்கு ரசம் சாதத்தின் முன்னால் நான் சொல்லியிருந்தால், அப்பா தகரத்தை நெம்ப ஒரு கம்பியோடு எழுந்து வந்திருப்பார்.

"வேணுங்களா அம்மிணி?" என்றார் சித்தன். "லேசா நெம்புனா வந்துரும்."

"வந்துருங்களா?" என்று கேட்டேன்.

"அட, கையிலயே வருமுங்க" என்று சொல்லி, ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் அம்மா துடைத்த தரையில், அப்பா கடைசியாக உட்கார்ந்த பெஞ்சுக்குப் பக்கத்தில், உட்கார்ந்து அழுதேன். சித்தன் தகரத்தைத் திரும்ப அடிக்கச் சுத்தியலை எடுத்துவந்து காத்துக்கொண்டிருந்தார்.